ஸ்ட்ரெப்டோமைசிஸ்: இழை எப்படிப் பிரிகிறது, ஸ்போர் எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி புராஜெக்ட்டுக்கு ஆக்டினோமைசிட்ஸ் (ஸ்ட்ரெப்டோமைசிஸ் அடங்கிய, இழையாக வளரும் நுண்ணுயிர்க் குழு) எடுக்காத கல்லூரி தமிழ்நாட்டில் குறைவு. பிச்சாவரம் சேறு, வயல் மண், கடற்கரை மணல் என்று எங்கிருந்தோ ஒரு பிளேட் வளர்ந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் மரபியலைப் படிக்க உட்காரும்போதுதான் சந்தேகங்கள் வரும், அதுவும் வருடா வருடம் அதே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் இரண்டு இனங்களை வைத்துத்தான்: ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர், ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெனிசுவேலே. மரபணுப் பெயர்களை ஆய்வகத்தில் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்.

இது பாக்டீரியாவா, பூஞ்சையா? பார்த்தா பூஞ்சை மாதிரிதானே இருக்கு?

பாக்டீரியாதான். உட்கரு கிடையாது, செல்சுவரில் பெப்டிடோகிளைக்கான் இருக்கிறது, இழையின் தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான். பூஞ்சை இழைகள் பொதுவாக இதைவிடப் பல மடங்கு தடிமன். கிளைவிட்டு வளர்வதும் மேலே பொடிபோல ஸ்போர் உட்காருவதும் பூஞ்சை மாதிரி தோன்றும், அவ்வளவுதான். இரண்டு வம்சங்களும் மண்ணில் தனித்தனியாக இதே வாழ்க்கை முறைக்கு வந்து சேர்ந்தவை.

மரபணுத் தொகுப்பு மட்டும் பாக்டீரியாக்களில் பெரியது. சீலிகலரின் குரோமோசோமில் சுமார் 86 லட்சத்து 67 ஆயிரம் கார இணைகளும் 7,825 மரபணுக்களும் இருப்பதாக 2002-இல் வெளியான தொகுப்பு காட்டியது. ஈ.கோலையில் சுமார் 46 லட்சம் இணைகள்தான். இன்னொரு விசேஷம், இந்தக் குரோமோசோம் வட்டமானது அல்ல, இரு முனையுள்ள நேர்கோடு.

பாக்டீரியான்னா ரெண்டா பிரியணும். இது பிரியாம எப்படி வளருது?

நுனியில் வளர்கிறது. இழையின் நுனியில் டிவ்-4ஏ என்ற புரதம் (பெயரில் ரோமன் எண் நான்கு) கூட்டமாக உட்கார்ந்து, புதிய செல்சுவரை அங்கேயே கட்ட வைக்கிறது. பக்கவாட்டில் இந்தப் புரதம் சேரும் இடத்தில் புதுக் கிளை முளைக்கும். இது இல்லாமல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் உயிர் வாழாது. ஈ.கோலை தன் பக்கச்சுவர் முழுக்கப் புதுச் சுவரைச் செருகி நீள்கிறது, அதற்கு எம்ஆர்இ-பி புரதம் வேண்டும். இங்கே எம்ஆர்இ-பி இருந்தாலும் அதன் முக்கிய வேலை ஸ்போரின் தடித்த சுவரைக் கட்டுவதுதான். சாதாரண வளர்ச்சிக்கு அது தேவையில்லை.

ஆக, நீள்வதற்கும் பிரிவதற்கும் இடையே கட்டாய முடிச்சு இல்லை. குரோமோசோம்கள் பெருகிக்கொண்டே போகும், இழை நீண்டுகொண்டே போகும், எப்போதாவது ஒரு குறுக்குச் சுவர் விழும். ஒரு அறைக்குள் பல குரோமோசோம்கள் இருப்பது இங்கே சாதாரணம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் எளிதாகிவிடும்.

அந்தக் குறுக்குச் சுவரும் ஸ்போர் சுவரும் ஒண்ணுதானா?

இல்லை. இந்தப் பாக்டீரியா வாழ்நாளில் இரண்டு விதமாகச் சுவர் எழுப்புகிறது. மீடியத்துக்குள் ஊடுருவும் இழையை அடியிழை என்போம். அதில் குறுக்குச் சுவர்கள் தூரம் தூரமாக, ஒழுங்கில்லாத இடைவெளியில் விழும். சுவர் விழுந்தாலும் இரு பக்கமும் ஒட்டியே இருக்கும், செல்கள் பிரிந்து போகாது.

காற்றில் எழும்பும் மேலிழையில் நடப்பது வேறு. நுனி அறை கிளைவிடாமல் நீள்கிறது, நின்றுவிடுகிறது, பிறகு ஏறக்குறைய ஒரே நேரத்தில் பல பத்துச் சுவர்கள் ஒரு மைக்ரானுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் வரிசையாக எழுகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோமுடன் ஒரு ஸ்போர் ஆகிறது. சுவர் தடிக்கிறது, நிறம் ஏறுகிறது, கடைசியில் தனித்தனியாக உதிர்கிறது. முழுமையான செல் பிரிதல் என்றால் இந்த உயிரியில் இதுதான்.

இரண்டுக்கும் தேவையான புரதங்களும் ஒரே பட்டியல் இல்லை. எஃப்டிஎஸ்-ஐ, எஃப்டிஎஸ்-டபிள்யூ, எஃப்டிஎஸ்-எல் போன்றவற்றை நீக்கினால் ஸ்போர் சுவர் கெட்டுப்போகிறது, ஆனால் அடியிழையின் குறுக்குச் சுவர் விழுகிறது.

எஃப்டிஎஸ்-இசட் இல்லாம பாக்டீரியா உயிரோட இருக்குமா? எல்லா புக்லயும் அது எசென்ஷியல்னு போட்டிருக்கே?

புத்தகம் ஈ.கோலையை மனதில் வைத்து எழுதியது. எஃப்டிஎஸ்-இசட் என்பது பிரியும் இடத்தில் வளையமாகக் கூடி, மற்ற பிரிவுப் புரதங்களை அழைத்து வரும் புரதம். ஈ.கோலையில் அது போனால் செல் பிரியாமல் நீண்டு செத்துப்போகும். 1994-இல் மெக்கார்மிக், லோசிக் குழுவினர் சீலிகலரில் இந்த மரபணுவை நீக்கிக் காட்டினார்கள். பாக்டீரியா மெதுவாகத்தான் வளர்ந்தது, ஆனால் வளர்ந்தது. குறுக்குச் சுவரும் இல்லை, ஸ்போரும் இல்லை. மேலிழை மட்டும் எழும்பியது.

ஸ்போர் இல்லாததால் அந்த மியூட்டண்டை அடுத்த பிளேட்டுக்கு மாற்ற இழையைத்தான் துண்டாக்கி எடுத்து வைக்க வேண்டும். என் பார்வையில் ஸ்ட்ரெப்டோமைசிஸின் பெரிய வசதியே இதுதான். மற்ற பாக்டீரியாவில் பிரிவு மரபணுவைத் தொட்டால் கையில் பிணம்தான் மிஞ்சும். இங்கே உயிரோடிருக்கும் மியூட்டண்ட் கிடைக்கும், எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்று நிதானமாகப் பார்க்கலாம். கிளமிடியா போல எஃப்டிஎஸ்-இசட்டே இல்லாத பாக்டீரியாக்களும் உண்டு. ஆனால் அவை வேறு வழியில் பிரிகின்றன. பிரியாமலே காலம் தள்ளுவது வேறு கதை.

பேசிலஸ் ஸ்போரும் இதுவும் ஒண்ணா? வைவால எது எழுதணும்?

ஒன்றல்ல. பேசிலஸில் ஒரு தாய்ச் செல்லுக்குள் ஒரு எண்டோஸ்போர் உருவாகிறது, தாய் செத்துப்போகிறது. அது பிழைத்திருப்பதற்கான வழி. எண்ணிக்கை கூடாது. ஸ்ட்ரெப்டோமைசிஸில் ஒரு மேலிழை பல பத்து ஸ்போர்களாகத் துண்டுபடுகிறது, அதனால் பெருக்கமும் பரவலும் சேர்ந்தே நடக்கின்றன.

தாங்கும் திறனும் வேறு. எண்டோஸ்போர் 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தாலும் அசராது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்போர் காய்ச்சலைத் தாங்கும் (உலர்வதைச் சொல்கிறேன்), சூட்டை அந்த அளவுக்குத் தாங்காது. கான்ஜுகேஷன் (வேறொரு பாக்டீரியாவிலிருந்து டிஎன்ஏ-வை இதற்குள் மாற்றும் முறை) செய்பவர்கள் 50 டிகிரியில் பத்து நிமிடம் வைப்பது அதை முளைக்கத் தூண்டத்தான்.

பால்ட், வைட்னு ரெண்டு குரூப் சொல்றாங்க. என்ன வித்தியாசம்?

பிளேட்டைப் பார்த்து வைத்த பெயர்கள். சீலிகலரை 30 டிகிரியில் வைத்தால் முதல் ஓரிரு நாள் காலனி வழவழப்பாகத் தோல்போல இருக்கும். பிறகு வெள்ளைப் பஞ்சு படரும், அதுதான் மேலிழை. அதற்குப் பின் சாம்பல் நிறம் ஏறும், அதுதான் முதிர்ந்த ஸ்போரின் நிறமி. பஞ்சே வராமல் மொட்டையாக நின்றுவிடும் மியூட்டண்ட் பால்ட். பஞ்சு வந்து சாம்பலாகாமல் வெள்ளையாகவே நின்றால் வை, அதாவது வைட். முதல் குழு மேலிழை எழும்புவதற்கு, இரண்டாவது குழு அந்த இழை ஸ்போராவதற்கு.

டேவிட் ஹாப்வுட்டும் கீத் சேட்டரும் இங்கிலாந்தின் நார்விச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் 1970 வாக்கில் இந்த வை மியூட்டண்ட்களை வகைப்படுத்தினார்கள். அப்போது மரபணு வரிசை எதுவும் கையில் இல்லை. காலனியின் நிறமும் மைக்ரோஸ்கோப்பும் மரபணு வரைபடமும்தான்.

பால்ட்-ஏ மரபணு புரதமே செய்யாதாமே? அப்புறம் என்ன செய்யுது?

ஒரு டிஆர்என்ஏ-வைச் செய்கிறது, அதாவது புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலம் சுமந்து வரும் சிறு ஆர்என்ஏ. யுயுஏ என்ற கோடானை (மூன்றெழுத்துக் குறியை) படித்து லியூசின் கொண்டுவரும் ஒரே டிஆர்என்ஏ அதுதான். சீலிகலரின் டிஎன்ஏ-வில் ஜி, சி எழுத்துகள் 72 சதவீதம். அதனால் மரபணுவில் டிடிஏ (யுயுஏ-வின் டிஎன்ஏ வடிவம்) வருவது அபூர்வம், 7,825 மரபணுக்களில் 145-இல் மட்டும். வளர்ச்சிக்கு அடிப்படையான மரபணுக்களில் அது இல்லை. அதனால்தான் இந்த டிஆர்என்ஏ இல்லாமலும் பாக்டீரியா நன்றாகவே வளர்கிறது.

அந்த 145-இல் ஒன்று ஏடிபி-ஏ. மேலிழைக்கான முக்கியக் கட்டுப்பாட்டு மரபணு, பால்ட்-ஹெச் என்றும் பெயர். டிஆர்என்ஏ இல்லையென்றால் அந்தப் புரதம் உருவாகாது, காலனி மொட்டை. வேறு உயிரியின் மரபணுவை இதில் போடுகிறவர்கள் முதலில் டிடிஏ இருக்கிறதா என்று வரிசையைத் தேடிவிடுங்கள். எக்ஸ்பிரஷன் வரவில்லை என்று மாதக்கணக்கில் புலம்புவதை அது மிச்சப்படுத்தும்.

என் பால்ட் மியூட்டண்ட் மானிட்டால் பிளேட்ல பஞ்சு பஞ்சா வந்துடுச்சு. கன்டாமினேஷனா?

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். பால்ட்-ஏ உட்படப் பல பால்ட் மியூட்டண்ட்கள் குளுக்கோஸில் மொட்டையாகவும் மானிட்டாலில் பஞ்சோடும் வரும். பால்ட்-பி போன்ற சில மட்டும் எதில் வைத்தாலும் மொட்டைதான். ஆகவே மியூட்டண்டைப் பற்றி எழுதும்போது எந்த மீடியம் என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த வரிக்குப் பொருளே இல்லை.

இன்னொரு விஷயமும் கன்டாமினேஷன் போலக் குழப்பும். இரண்டு வெவ்வேறு பால்ட் மியூட்டண்ட்களை அடுத்தடுத்துக் கோடாக இழுத்து வையுங்கள். ஒன்றின் ஓரத்தில் மட்டும், மற்றதைப் பார்த்த பக்கத்தில், வெள்ளைப் பஞ்சு எழும்பும். பக்கத்துக் கோட்டிலிருந்து ஏதோ கசிந்து வந்து உதவுகிறது. இப்படி யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று பார்த்து லோசிக் குழுவினர் ஒரு வரிசையே போட்டார்கள்: பால்ட்-ஜே, பால்ட்-கே, பால்ட்-ஏ மற்றும் ஹெச், பால்ட்-ஜி, பால்ட்-சி, பால்ட்-டி. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதற்கு உதவும், மறுபக்கம் நடக்காது. பால்ட்-பி இந்த வரிசையில் அடங்கவில்லை.

மேலிழை தண்ணீர் மேல எழும்ப எது உதவுது? சாப்-பி, சாப்லின் ரெண்டும் ஒண்ணா?

இரண்டும் வேறு, வேலை ஒன்று. ஈரப் பரப்பிலிருந்து இழை காற்றுக்கு வர நீரின் பரப்பு இழுவிசையை உடைக்க வேண்டும். சாப்-பி ஒரு சிறிய பெப்டைடு, சோப்பு போல அந்த இழுவிசையைக் குறைக்கிறது. சாப்லின்கள் எட்டுப் புரதங்கள் கொண்ட குடும்பம், 2003-இல் கண்டுபிடிக்கப்பட்டவை. இவை இழையின் மேல் நார்போலப் படிந்து நீர் ஒட்டாத உறையாகின்றன. நன்றாக ஸ்போர் வந்த பிளேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாமல் முத்தாக நின்று உருளும். ஸ்போர் எடுக்கும்போது தண்ணீரில் கொஞ்சம் டிட்டர்ஜென்ட் கலப்பது இதனால்தான்.

வை மரபணுக்கள் ஏ, பி, டி, ஜி, ஹெச், ஐ... எந்த வரிசையில ஞாபகம் வச்சுக்கறது?

எழுத்து வரிசையை மறந்துவிடுங்கள், மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரிகிறது என்பதை வைத்துப் பிடியுங்கள். வை-ஜி இல்லையென்றால் மேலிழை நேராக நீண்டுகிடக்கும், சுவரே இல்லை. இது ஒரு சிக்மா காரணி (எந்த மரபணுக்களைப் படிக்க வேண்டும் என்று வழிகாட்டும் புரதம்), ஸ்போர் கட்டத்தைத் தொடங்கிவைப்பது. வேடிக்கை என்னவென்றால், இதன் உறவுப் புரதம் பேசிலஸில் நீந்தும் இழைகளுக்கான மரபணுக்களை இயக்குகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸோ நீந்துவதே இல்லை. வை-ஜி பிரதிகளைக் கூட்டிவிட்டால் அடியிழைகூட ஸ்போராக முயலும்.

வை-ஏ, வை-பி இல்லையென்றால் இழை வழக்கத்தைவிட நீளமாகச் சுருண்டு போகும், நீள்வது நிற்கவே நிற்காது, சுவரும் எழாது. ஆக, வளர்ச்சியை நிறுத்து, பிரிவைத் தொடங்கு என்ற இரண்டு கட்டளையும் இந்த ஜோடியிடம் இருக்கிறது. வெனிசுவேலேயில் இவை இரண்டும் சேர்ந்து சுமார் 240 மரபணுத் தொகுதிகளைக் கையாள்கின்றன, எஃப்டிஎஸ்-இசட், எஃப்டிஎஸ்-டபிள்யூ, எஃப்டிஎஸ்-கே உட்பட.

வை-ஹெச், வை-ஐ இரண்டையும் இயக்குவது வை-ஜி. இவை போனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சுவர்கள் எழலாம். வை-டி போனால் சுவர் எழும், ஆனால் ஸ்போர்கள் அளவில் ஒழுங்கில்லாமல், சுவர் மெலிந்து உடையும். வை-இ போனால் ஸ்போர் நன்றாகவே இருக்கும், நிறமி மட்டும் இல்லை.

எங்கே வெட்டணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? மின் சிஸ்டம்தானே?

ஈ.கோலைக்கு மின் சிஸ்டம் (மின்சாரம் அல்ல, மின் என்ற பெயருள்ள புரதங்கள்). "இங்கே வெட்டாதே" என்று செல்லின் இரு முனைகளையும் தடுக்கும், மீதமிருக்கும் நடு இடத்தில் வளையம் உருவாகும். குரோமோசோமின் மேல் வெட்டாமல் தடுக்க வேறு காவல் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸில் அந்தத் தடுப்புமுறைகள் இல்லை. நடு என்று சொல்ல ஓர் இடமும் கிடையாது, ஒரே இழையில் பல பத்து இடங்கள் வேண்டும்.

இங்கே "இங்கே வெட்டு" என்று கை காட்டுகிற புரதம் எஸ்எஸ்ஜி-பி. எஸ்எஸ்ஜி-ஏ உதவியோடு அது முதலில் இடத்தில் போய் உட்காருகிறது, பிறகு எஃப்டிஎஸ்-இசட்டை அழைத்துக் கூட்டுகிறது. நெதர்லாந்தின் லெய்டனில் வில்லெம்சே, வான் வெசல் குழுவினர் 2011-இல் இதைக் காட்டினார்கள். சரி, எஸ்எஸ்ஜி-ஏ-வுக்கு இடம் யார் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது.

வளையம் கூடிய பிறகு அதைக் கலையாமல் பிடித்துவைக்க டைனமின் குடும்பத்தின் இரண்டு புரதங்கள் (டின்-ஏ, டின்-பி) வேண்டும். ஒளிரும் எஃப்டிஎஸ்-இசட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முதலில் இழை நெடுகத் திருகுச் சுருள்களாகத் தெரியும், பிறகு சட்டென்று ஏணிப்படிபோலச் சம இடைவெளியில் வளையங்களாகிவிடும். இந்த வேலைக்கு அந்தப் புரதம் நிறைய வேண்டும். எஃப்டிஎஸ்-இசட்டுக்கு மூன்று புரமோட்டர்கள் (மரபணுவைப் படிக்கத் தொடங்கவைக்கும் இடங்கள்) இருக்கின்றன, அதில் இரண்டாவது, மேலிழையில் வை மரபணுக்களின் சொல்படி வேகமெடுக்கிறது. அடியிழையில் எப்போதாவது விழும் சுவருக்குக் கொஞ்சம் போதும்.

ஒரே நேரத்தில அத்தனை சுவர் எழும்பினா குரோமோசோம் நடுவில மாட்டிக்காதா?

மாட்டத்தான் பார்க்கும். மேலே சொன்ன காவல் இல்லாததால், டிஎன்ஏ முழுக்கப் பிரிந்து ஒதுங்குவதற்கு முன்பே சுவர் உள்ளே வரத் தொடங்கிவிடுகிறது. பார்-பி புரதம் ஒவ்வொரு குரோமோசோமின் தொடக்கப் பகுதியையும் பிடித்து, பார்-ஏ போட்ட பாதையில் சம தூரத்தில் நிறுத்துகிறது. மூடிக்கொண்டிருக்கும் சுவரில் எஃப்டிஎஸ்-கே உட்கார்ந்து, நடுவில் கிடக்கும் டிஎன்ஏ-வை அதனதன் அறைக்குள் தள்ளுகிறது.

பார் மரபணுக்களை நீக்கினால் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட ஸ்போர்கள் டிஎன்ஏ இல்லாமல் காலியாகிவிடுகின்றன. எஃப்டிஎஸ்-கே இல்லாவிட்டால் சில ஸ்போர்களில் நேர்கோட்டுக் குரோமோசோமின் முனைகள் வெட்டுப்பட்டுத் தொலைகின்றன. முனைகளில் உயிர் வாழ அவசியமான மரபணுக்கள் குறைவு என்பதால் அவை பெரும்பாலும் பிழைத்தும் விடுகின்றன.

பால்ட்-டி இல்லாத காலனி மொட்டையா இருக்கு, ஆனா மைக்ரோஸ்கோப்ல ஸ்போர் தெரியுதே? எது உண்மை?

இரண்டும் உண்மை. வெனிசுவேலேயில் பார்த்திருந்தால் அப்படித்தான் தெரியும். பால்ட்-டி ஒரு தடுப்பான். வை-ஜி, எஃப்டிஎஸ்-இசட், எஸ்எஸ்ஜி-ஏ, எஸ்எஸ்ஜி-பி உட்படப் பல மரபணுக்களை வளர்ச்சிக் காலத்தில் அடக்கிவைக்கிறது. அது இல்லையென்றால் மேலிழைக்குக் காத்திராமல் அடியிழையே நேரடியாக ஸ்போர் சங்கிலியாகிவிடும். பஞ்சு இல்லாததால் காலனி மொட்டை. கண்ணால் பார்த்து வைத்த பெயர் இங்கே ஏமாற்றிவிடுகிறது.

பால்ட்-டி-யின் பிடியை இறுக்குவது சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. 2014-இல் வெளியான ஆய்வில், இந்த மூலக்கூறு நான்கு ஒன்றாக அடுக்கி, இரண்டு பால்ட்-டி-க்களை ஒட்டவைப்பது தெரிந்தது. அந்த ஜோடிதான் டிஎன்ஏ-வைப் பிடிக்கும். மூலக்கூறின் அளவைக் குறைத்தால் அவசர ஸ்போர், கூட்டினால் மொட்டையாகவே தேக்கம். வை-ஜி-யையும் இதே மூலக்கூறு வேறொரு புரதத்தின் வழியாகக் கட்டிவைக்கிறது. மேலிழை, ஸ்போர் என்ற இரண்டு படிக்கும் ஒரே கைப்பிடி.

ஸ்போர் வந்தாத்தான் ஆன்டிபயாட்டிக் வருமா?

அப்படிச் சொல்ல முடியாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கும், சில சாவிகள் பொதுவானவை. பால்ட்-ஏ மியூட்டண்டில் சீலிகலரின் நீல ஆன்டிபயாட்டிக்கான ஆக்டினோரோடினும் வராது, ஏனென்றால் அதன் இயக்கி மரபணுவிலும் ஒரு டிடிஏ இருக்கிறது. அந்தக் கோடானை மட்டும் மாற்றினால், காலனி மொட்டையாக இருந்தபடியே நீலம் கொடுக்கும். வை மியூட்டண்ட்கள் பொதுவாக ஸ்போர் இல்லாமலே ஆன்டிபயாட்டிக் செய்கின்றன.

மழை பெய்ஞ்சா வர்ற மண் வாசனைக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அந்த வாசனையின் முக்கியப் பொருள் ஜியோஸ்மின். அதைச் செய்யும் மரபணு ஸ்போர் கட்டத்தோடு சேர்ந்து இயங்குகிறது. 2020-இல் வெளியான ஆய்வின்படி, இந்த வாசனை ஸ்பிரிங்டெயில் என்ற சிறு மண் உயிரிகளை இழுக்கிறது. அவை வந்து தின்றுவிட்டு, உடம்பில் ஒட்டியும் கழிவிலும் ஸ்போரைப் பரப்புகின்றன.

திரவ மீடியத்தில ஸ்போர் வராதா?

சீலிகலரில் பொதுவாக வராது, உருண்டை உருண்டையாகத் திரளும். வெனிசுவேலேயும் கிரிசியஸும் திரவத்திலும் ஸ்போர் தரும். வெனிசுவேலே இந்தத் துறையில் இப்போது முன்னால் நிற்பதற்குக் காரணமே அதுதான். எல்லா இழைகளும் ஒத்த நேரத்தில் மாறுவதால் எந்த மரபணு எப்போது எழுந்தது என்று அளக்கலாம், நுண்ணறைகளில் வைத்துப் படமும் எடுக்கலாம்.

மியூட்டேஷன் பண்ண ஏன் ஸ்போரையே எடுக்கச் சொல்றாங்க? இழையை யூவி-ல வச்சா ஆகாதா?

இரண்டாவது கேள்வியில் சொன்னது இங்கே கைகொடுக்கும். இழையின் ஒரு அறையில் பல குரோமோசோம்கள். ஒன்றில் பிறழ்வு வந்தாலும் மற்றவை மறைத்துவிடும். ஸ்போரில் ஒன்றுதான், வந்தது அப்படியே காலனியில் தெரியும். ஸ்போர் கரைசலைப் பஞ்சு வழியாக வடிகட்டச் சொல்வதும் இழைத் துண்டுகளைக் களையத்தான்.

டிபி கிருமிக்கு ஸ்போரே கிடையாதே, அதுல வை-பி குடும்பம் எதுக்கு?

வை-பி போன்ற புரதங்கள், ஸ்ட்ரெப்டோமைசிஸும் டிபி கிருமியும் சேர்ந்த ஆக்டினோபாக்டீரியா குழு முழுக்க இருக்கின்றன, வேறு எங்கும் பெரிதாகக் கிடையாது. நடுவில் ஓர் இரும்பு-கந்தகக் கொத்தை வைத்திருப்பவை. டிபி கிருமியில் ஏழு. அதில் வை-பி-7 பல மருந்துகளைத் தாங்க உதவுகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸின் வை-பி-க்கு இணையானதை, டிபி கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸில் குறைத்தால், செல் பிரிய முடியாமல் இழையாக நீள்கிறது. ஸ்போர் இல்லாவிட்டாலும் பிரிவின் மேல் பிடி அப்படியே இருக்கிறது. அங்கே பிரிவு அவசியம் என்பதால் அந்த மரபணுவும் அவசியம்.

மண்ணுல எடுத்த என் காலனி வெள்ளையாவே இருக்கு. வை மியூட்டண்ட்னு தீசிஸ்ல எழுதலாமா?

எழுதாதீர்கள். சாம்பல் நிறம் சீலிகலரின் கதை. வெனிசுவேலேயின் ஸ்போர் பச்சை, அல்பஸின் ஸ்போர் முதிர்ந்தாலும் வெள்ளைதான். ஒப்பிட, பிறழ்வு இல்லாத அதன் மூல வகை கையில் இல்லாமல் மியூட்டண்ட் என்ற சொல்லே பொருந்தாது.

ஸ்போர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். சுத்தமான கவர்ஸ்லிப் ஒன்றை அகாரில் சாய்வாகச் செருகி, அது அகாரைத் தொடும் கோட்டில் பாக்டீரியாவை வையுங்கள். இழைகள் கண்ணாடிமேல் ஏறி வளரும். சில நாள் கழித்து மெதுவாக உருவி, ஃபேஸ் கான்ட்ராஸ்டில் 100 எக்ஸ் ஆயில் லென்ஸில் பாருங்கள். மணிகோர்த்த சங்கிலி தெரிந்தால் ஸ்போர், வழவழவென்று நீண்ட இழை மட்டும் என்றால் இல்லை. இல்லையென்றாலும் உடனே முடிவுக்கு வராமல் மானிட்டால்-சோயா மாவு அகாரில் ஒருமுறை வளர்த்துவிட்டுப் பாருங்கள்.